டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாத ஒரு வரி

(தற்கொலை முயற்சியும் அதற்குப் பிறகான மருத்துவமும் பற்றிய பதிவு இது. மனசு சரியில்லாத நேரத்தில் இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால் பதிவை அப்புறம் படிக்கலாம். முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ, தமிழ்நாட்டில் இருந்தால் 104-க்கோ ஒரு போன் போடுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் தமிழில் பேச ஆள் இருக்கும், காசு கிடையாது.)

போன வருஷம் என் அக்கா பையன் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். வயது 19, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விஷயங்களை மாற்றியும் இருக்கிறேன். பையன் பிழைத்துவிட்டான்.

அந்த ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியைப் பற்றி நான் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ராத்திரி 2 மணிக்குக் கொண்டு போனோம். பத்து நிமிஷத்தில் ட்யூட்டி டாக்டர், இரண்டு நர்ஸ், மானிட்டர், டிரிப்ஸ் எல்லாம் வந்தாயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து, "ஆபத்துக் கட்டம் தாண்டியாச்சு, நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார். அக்கா அவர் காலில் விழப் போனாள்.

மறுநாள் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கம். பொட்டாசியம், கிரியேட்டினின், கல்லீரல் என்சைம் எல்லாம் தேதிவாரியாக. சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, பின் இரண்டு மாத்திரை. ஐந்து நாள் கழித்து ரிவ்யூ, வரும்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வரவும். 'ஹிஸ்டரி' என்ற இடத்தில், இது தவறுதலாக நடந்தது என்கிற பொருளில் ஒரே ஒரு வரி. அக்காவும் அத்தானும் கெஞ்சிக் கேட்டு எழுத வைத்த வரி அது. பக்கத்தில் நின்ற நானும் சரியென்றுதான் தலையாட்டினேன்.

அடுத்த நாள் அத்தான் போனுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு மெசேஜ் வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அத்தான் ஐந்து கொடுத்தார்.

இரண்டு மாசம் கழித்து மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது பையன் சொன்னான்: "ஆஸ்பத்திரில யாருமே அதைக் கேக்கல மாமா. சாப்டியா, யூரின் போனியா, வயிறு வலிக்குதா, இதான் கேட்டாங்க. யாராச்சும் கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்களும் கேக்கல."

உண்மைதான். காரில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் அவனிடம் ஐபிஎல் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படிக்கும் வியாதி எனக்கு உண்டு என்பது இந்தத் தளத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். அந்த மாடிப் பேச்சுக்குப் பிறகு சில மாசம் இதைத்தான் படித்தேன். தற்கொலைக்கு முயன்ற ஓர் இளைஞன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், உடம்பைத் தேற்றுவது தவிர அங்கே வேறென்ன செய்ய முடியும், அதில் எது வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. எனக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் கோபத்தை வரவழைத்தது. வேலை செய்வதாகத் தெரியும் விஷயம் மிக மலிவானது. அதைச் சோதித்த முக்கியமான ஆய்வின் ஒரு பகுதி நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. அக்கா கையில் கொடுத்த நான்கு பக்கத்தில் அது ஒரு வரியாகக்கூட இல்லை.

எண்ணிக்கையில் வராதவர்கள்

முதலில் அளவைப் பார்ப்போம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். இந்த அறிக்கை இறப்புகளைத்தான் எண்ணுகிறது. முயன்று பிழைத்தவர்கள் இதில் வரமாட்டார்கள். அவர்கள் இறந்தவர்களைவிடப் பல மடங்கு.

வேலூர் சிஎம்சி-யின் சமூக நலத் துறை கணியம்பாடி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் இறப்புக் காரணங்களை விசாரித்துப் பதிவு செய்து வந்தது. அந்தத் தரவு 2004-ல் லான்செட் இதழில் வெளியானது. 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயதுப் பெண்களில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 148. பையன்களில் 58. அந்த வயதுப் பெண்களின் மொத்த இறப்பில் பாதிக்கு மேல் தற்கொலை. முதல் தடவை படித்தபோது நான் தசமப் புள்ளியைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன். இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருப்பார்கள் என்ற கேள்வி அதன் பிறகு என்னை விடவில்லை.

ஏனென்றால் ஒருமுறை முயன்றவர்கள்தான் மறுபடி ஆபத்துக்குள்ளாகும் வாய்ப்பு அதிகம். கலிபோர்னியாவில் அவசரப் பிரிவுக்கு வந்து போனவர்களை அடுத்த ஒரு வருஷத்துக்குத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு வந்தவர்களின் தற்கொலை விகிதம், அந்த மாநிலத்தின் பொதுவான விகிதத்தைப் போல் ஏறக்குறைய 57 மடங்கு. அவசரப் பிரிவு எங்கே தன் வேலை முடிந்ததாக நினைக்கிறதோ, அங்கிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்குகிறது.

ஒன்பது தடவை விசாரித்தால்

உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஓர் ஆய்வு 2008-ல் அதன் புல்லட்டினில் வெளியானது. பிரேசிலில் காம்பினாஸ், இலங்கையில் கொழும்பு, ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங், இந்தியாவில் சென்னை என்று ஐந்து இடங்கள். சென்னைப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர், 1986-ல் சினேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு இரண்டு விஷயங்கள் கூடுதலாக.

முதலாவது, வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசுவது. இந்த மாதிரி நெருக்கடி ஏன் வருகிறது, மறுபடி வந்தால் என்ன செய்யலாம், யாரிடம் போகலாம் என்று. இரண்டாவது, அதன் பிறகு ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரிப்பது. 1, 2, 4, 7, 11-வது வாரங்களில், பிறகு 4, 6, 12, 18-வது மாதங்களில். விசாரிப்பவர் டாக்டர், நர்ஸ், உளவியலாளர் யாராகவும் இருக்கலாம். மருந்து இல்லை, கருவி இல்லை.

18 மாசத்தின் முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், கூடுதலாக விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். தலைக் கணக்கில் 18-க்கு 2.

இங்கே நிறுத்திக்கொண்டால் இது ஒரு நல்ல வாட்ஸ்அப் பார்வேர்டு ஆகிவிடும். நிறுத்தக் கூடாது. இதே ஆய்வுத் தரவில் இருந்து 2010-ல் இன்னொரு கட்டுரை வந்தது. மறுபடி முயன்றவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், விசாரிக்கப்பட்டவர்களில் 7.6 சதவீதம், மற்றவர்களில் 7.5. அதாவது வித்தியாசமே இல்லை. ஊருக்கு ஊர் விகிதமும் மாறியது. இறப்பு பத்தில் ஒரு பங்காகிறது, முயற்சி மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் அது எப்படி?

எனக்கு இரண்டு விளக்கங்கள் தோன்றுகின்றன. இரண்டும் ஊகம்தான். ஒன்று, அடிக்கடி பேசிப் பழகியவர் மறுபடி தவறினாலும் அதை ஒருவரிடம் சீக்கிரம் சொல்லிவிடலாம், உதவி நேரத்தில் கிடைத்திருக்கலாம். இன்னொன்று, பழகியவரிடம் உண்மையைச் சொல்வார்கள், 18 மாசம் கழித்துத் திடீரென்று வந்து கேட்கிறவரிடம் மறைப்பார்கள். அப்படியானால் மற்ற பாதியின் 7.5 குறைத்துச் சொல்லப்பட்ட எண். மூன்றாவதாக, 18, 2 போன்ற சின்ன எண்களில் அதிர்ஷ்டத்துக்கும் கொஞ்சம் இடம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பிறகு 2017-ல் இந்த முறையைச் சோதித்த மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பிலும் இறப்பு கணிசமாகக் குறைந்தே இருந்தது. எனவே இது வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் போனுக்குப் பதிலாக ஒரு வருஷத்தில் எட்டு அஞ்சலட்டை மட்டும் அனுப்பிப் பார்த்தார்கள். 772 பேர், 2005-ல் வெளியானது. அங்கேயும் திரும்ப வந்தவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை, திரும்பத் திரும்ப வந்த தடவைகள் மட்டும் ஏறக்குறைய பாதியாகின. எல்லா ஊரிலும் அஞ்சலட்டை இப்படி வேலை செய்யவும் இல்லை. என் கணிப்பில், தொடர்பு என்பது மந்திரக்கோல் இல்லை. ஆனால் இந்தத் துறையில் கையில் இருக்கும் மற்ற பொருள்களோடு ஒப்பிட்டால், அதன் விலைக்கு அது தரும் பலன் அதிகம்.

கேள்வி கேட்டால் மட்டும் போதுமா

"கேட்டா அந்த நினைப்பை நாமளே கிளறி விட்ட மாதிரி ஆயிடாதா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பயம்தான் வாயை அடைக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட மனவருத்தமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே பிரச்சினையில் இருந்த மாணவர்களுக்கும் கேள்வியால் கெடுதல் வரவில்லை.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம், குழந்தைகள் அவசரப் பிரிவுகளுக்கென்றே நான்கு கேள்விகளை உருவாக்கியது. 2012-ல் வெளியான அந்த ஆய்வில் மூன்று ஆஸ்பத்திரிகளில் 10 முதல் 21 வயது வரையான 524 பேர். நீளமான வினாத்தாள் யாரை ஆபத்தில் இருப்பதாகச் சொன்னதோ, அவர்களில் 96.9 சதவீதத்தினரை இந்த நான்கு கேள்விகளே கண்டுபிடித்தன. ஒரு நிமிஷம்கூட ஆகாத வேலை.

அப்படியானால் எல்லாரிடமும் கேட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பெரியவர்களிடம் எட்டு அமெரிக்க அவசரப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது, 1,376 பேர். மூன்று கட்டம். வழக்கமான சிகிச்சைக் கட்டத்தில் அடுத்த ஒரு வருஷத்தில் மறுபடி முயன்றவர்கள் 22.9 சதவீதம். எல்லாரிடமும் கேள்வி கேட்கத் தொடங்கிய கட்டத்தில் 21.5. கேள்வியோடு பாதுகாப்புத் திட்டமும், வீட்டுக்குப் போன பிறகு தொடர்ந்து போன் அழைப்புகளும் சேர்ந்த கட்டத்தில் 18.3. கேள்வியால் மட்டும் வந்த இறக்கம் பொருட்படுத்தும்படி இல்லை. கேட்டுவிட்டு ஏதாவது செய்ததில்தான் வித்தியாசம் வந்தது. ஒரு படிவத்தில் டிக் அடித்து "ஸ்கிரீனிங் முடிந்தது" என்று காட்டும் திட்டம் நாளைக்கு இங்கே வந்தால் நான் இந்த எண்களைத்தான் எடுத்து நீட்டுவேன்.

ரிஸ்க் ஸ்கோர் என்னும் ஆசை

என் தொழில்காரர்களுக்கு இங்கே ஓர் ஆசை வரும். இருக்கிற தரவையெல்லாம் கொட்டி ஒரு மாடல் செய்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்து, அவர்களை மட்டும் கவனித்தால் போதாதா? எனக்கும் வந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டதும் போய்விட்டது.

ஆயிரம் பேர் வருகிறார்கள், அதில் பத்துப் பேர் பின்னால் இறக்கப் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் ஸ்கோர் ஆபத்தில் இருப்பவர்களில் 80 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கும், இல்லாதவர்களிலும் 80 சதவீதத்தைச் சரியாக விடும். நல்ல ஸ்கோர்தான். அது பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கும். கூடவே மீதி 990 பேரில் 198 பேரையும் பிடிக்கும். ஆக 'ஹை ரிஸ்க்' என்று முத்திரை விழுந்த 206 பேரில் உண்மையில் ஆபத்தில் இருப்பவர்கள் எட்டுப் பேர், நூற்றுக்கு நான்கு. மீதி இரண்டு பேரை 'லோ ரிஸ்க்' என்று எழுதி நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்று நம்பியிருப்பார்கள்.

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி இதை உடைத்துச் சொல்லிவிட்டது. எதிர்காலத்தைக் கணிக்க ஸ்கோர்களைப் பயன்படுத்தாதே. யாருக்குச் சிகிச்சை, யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்யவும் அவற்றைப் பயன்படுத்தாதே. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆளைப் பிரிக்காதே. அதற்குப் பதிலாக வந்தவருக்கு என்ன தேவை என்று கேள் என்கிறது. அதே வழிகாட்டியில் எனக்கு உறைத்த இன்னும் இரண்டு இடங்கள்: உடம்புக்கான சிகிச்சை முடியட்டும் என்று மனசைப் பற்றிய பேச்சைத் தள்ளிப் போடாதே, பாதுகாப்பு பற்றிய கவலை நீடித்தால் அந்தப் பேச்சு நடந்த 48 மணி நேரத்துக்குள் அடுத்த தொடர்பு இருக்க வேண்டும். நம் ஊர் வழக்கம் இரண்டுக்கும் நேர் எதிர். பெரிய அரசு மருத்துவமனைகளில் 'சைக்கியாட்ரி ஒபினியன்' கேட்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி கட்டும் நாளில், பையைத் தோளில் மாட்டிய அப்பாவின் முன்னால் நடக்கும் ஐந்து நிமிஷப் பேச்சில் பத்தொன்பது வயதுப் பையன் என்ன சொல்லிவிடப் போகிறான்?

தவறுதலாக

இனி எங்கள் வீட்டு வரிக்கு வருகிறேன். 'தவறுதலாக' என்று ஏன் எழுதச் சொன்னோம்? ஏஆர் போடுவார்கள், போலீஸ் வரும், காலேஜுக்குத் தெரியும், இன்சூரன்ஸ் கிடைக்காது. இந்த நான்கு பயமும் ஒரே நேரத்தில் வந்தது.

சட்டம் மாறிவிட்டது என்பது எனக்கு அப்போது முழுசாகத் தெரியாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாசம் நடைமுறைக்கு வந்தது. அதன் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் செய்யும் முயற்சியை மட்டும் அது தனிக் குற்றமாக வைத்திருக்கிறது.

115-வது பிரிவின் இரண்டாம் பகுதியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. முயன்று பிழைத்தவர் மறுபடி முயலும் ஆபத்தைக் குறைக்கும் வகையில் அவருக்குக் கவனிப்பு, சிகிச்சை, மறுவாழ்வு தருவது அரசின் கடமை என்கிறது அது. கடமை என்றே எழுதியிருக்கிறார்கள். தண்டனை இல்லை என்ற முதல் பாதி வக்கீல்களுக்காவது தெரியும். இரண்டாம் பாதி கேஷுவாலிட்டி வரை வந்து சேரவே இல்லை.

மெடிகோ லீகல் பதிவு என்ற நடைமுறை மட்டும் அப்படியே இருக்கிறது. குடும்பம் பயந்துபோய்ப் பொய் சொல்கிறது. டாக்டருக்கும் தலைவலி குறைகிறது. 'தவறுதலாக' என்று எழுதப்பட்டவுடன் ரெக்கார்டில் அப்படி ஒரு முயற்சியே நடக்கவில்லை. நடக்காத விஷயத்துக்கு ரிவ்யூ தேதி எப்படிப் போடுவது? மனநல மருத்துவரை எதற்குக் கூப்பிடுவது? அந்த ஒரு வார்த்தையைப் பையனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கேட்டு வாங்கினோம். அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவியை அதுவே அடைத்துவிட்டது.

யாருடைய செல் நம்பர்?

சரி, நாளைக்கே தமிழ்நாடு முழுக்க ஒன்பது அழைப்புத் திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள்?

அட்மிஷன் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு செல் நம்பருக்குத்தான் கட்டம் இருக்கும், அதில் கூட வந்தவர் நம்பர் இருக்கும். என் அக்கா பையன் விஷயத்தில் அது அத்தான் நம்பர். பையனோடு பேசாமல் ஆறு மாசம் சண்டையில் இருந்தவர் அவர். புதுசாகக் கல்யாணமான இருபது வயதுப் பெண் என்றால் அது புருஷன் நம்பராகவோ மாமியார் நம்பராகவோ இருக்கும். எந்த வீட்டுப் பிரச்சினையால் அந்தப் பெண் அங்கே வந்தாளோ, அந்த வீட்டு ஹாலில் ஸ்பீக்கரில் போட்டு, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்பதைத் தவிர அவள் என்ன சொல்ல முடியும்?

வெளிநாட்டு ஆய்வுகளைப் படித்துவிட்டு அப்படியே இங்கே இறக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்டான்லி, பிரவுன் இருவரும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டத்தில் ஆறு படிகள்: எச்சரிக்கை அறிகுறி, நானே செய்துகொள்ளக்கூடியது, மனசைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய ஆட்கள், தொழில்முறை உதவி, ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது. 2018-ல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் இந்தத் திட்டமும் தொடர் அழைப்பும் சேர்ந்து நடந்த இடங்களில், அடுத்த ஆறு மாசத்தில் தற்கொலை சார்ந்த நடத்தை 5.29 சதவீதத்துக்குப் பதில் 3.03 ஆக இருந்தது. குலுக்கல் முறை ஆய்வு இல்லை என்றாலும் 1,640 பேர். நல்ல விஷயம்தான். ஆனால் நம் ஊர் இளம்பெண் ஒருத்திக்குத் தனியாகப் போய் உட்கார ஓர் இடம் எது? பூட்டி வைத்துக்கொள்ள ஒரு போன் இருக்கிறதா? படிவத்தை மொழிபெயர்ப்பதற்கு முன் இதைக் கேட்டாக வேண்டும். கட்டம் ஒன்று போதாது. உங்களிடம் நேரடியாகப் பேச எந்த நம்பர், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் நாங்கள் யார் என்று சொல்லலாம் என்று மூன்று கேள்விகள் சேர வேண்டும். அதையும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும்.

ஆள் எங்கே, காசு எங்கே

"நடக்கிற கதையா இது? ஜிஎச்சுல இருக்கிற ஆளே பத்தல" என்று ஒரு டாக்டர் நண்பர் சிரித்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் பேச்சு ஒரு மணி நேரம். ஒன்பது அழைப்பு, ஒன்று 15 நிமிஷம். ஆக ஓர் ஆளுக்கு மொத்தம் மூன்றேகால் மணி நேரம். ஓர் ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு இரண்டு பேர் வருவதாக வைத்தால் வருஷத்துக்கு 730 பேர், 2,372 மணி நேரம். எட்டு மணி நேரம், 280 நாள் வேலை செய்யும் ஓர் ஊழியரின் உழைப்பு 2,240 மணி நேரம். எடுக்காத போன், திரும்பக் கூப்பிடுவது, பதிவு எழுதுவது எல்லாம் சேர்த்தாலும் இரண்டு ஆள். 18 மாசத்துக்கு எல்லாரையும் தொடர்ந்து விசாரிக்க இரண்டு ஆள்.

தமிழ்நாட்டுக்குத் தொடர் கவனிப்பு தெரியாத வித்தையும் இல்லை. ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் பிக்மி எண் விழுகிறது, கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகிறார், தடுப்பூசி தேதி தவறினால் கேள்வி வருகிறது. தனியார் ஆஸ்பத்திரிக்கும் மறுநாளே மெசேஜ் அனுப்பத் தெரிகிறது, எத்தனை ஸ்டார் என்று. 2030-க்குள் தற்கொலை இறப்பைப் பத்து சதவீதம் குறைப்போம் என்று 2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசிய உத்தி சொல்கிறது. அந்தப் பத்து சதவீதத்தை எங்கே தேடுவது என்றால், ஏற்கெனவே நம் கட்டிலில் படுத்து, நம் கையால் பிழைத்து, பேரும் விலாசமும் கொடுத்துவிட்டுப் போனவர்களிடமிருந்து தொடங்குவதுதான் நியாயமாகப் படுகிறது.

வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது

திட்டம் வரும்போது வரட்டும். இப்போது இப்படி ஒரு நிலைமையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர்களுக்கு, நின்று தவறவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். நடந்ததை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். மனநல மருத்துவரை டிஸ்சார்ஜ் நாளுக்கு முன்பே, பிள்ளையோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் உடம்புக்கு ரிவ்யூ தேதி போடும்போது மனசுக்கும் ஒரு தேதி, ஒரு பேர், ஒரு நம்பர் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போவதற்கு முன் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாதவற்றை அப்புறப்படுத்துங்கள். பிறகு பிள்ளையிடம் கேளுங்கள். "இன்னமும் அந்த நினைப்பு வருதா?" என்று நேராகவே கேட்கலாம். பதில் எதுவானாலும் உடனே அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

அந்த 2008 கட்டுரையைப் படித்து முடித்த அன்று, பையன் டிஸ்சார்ஜ் ஆன தேதியில் இருந்து எண்ணிப் பார்த்தேன். 1, 2, 4, 7-வது வாரங்கள் தாண்டிவிட்டிருந்தன. மீதி ஐந்து தேதியை என் போன் காலண்டரில் போட்டு வைத்தேன். மாமா போன் போடுவது மருத்துவம் ஆகாது என்று எனக்குத் தெரியும். மாசம் ஒருமுறை அவன் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கிறான், மருத்துவம் அதுதான். இருந்தாலும் 11-வது வாரம் போட்டேன், எடுத்து ரெண்டு வார்த்தை பேசினான். நாலாவது மாசம் எடுக்கவில்லை, ராத்திரி அவனே திரும்பக் கூப்பிட்டான். ஆறாவது மாசம் அரை மணி நேரம் பேசினோம். பன்னிரண்டாவது மாசம் எடுத்தவுடன், "தெரியும் மாமா, இன்னைக்குக் கூப்பிடுவீங்கன்னு" என்றான்.

பதினெட்டாவது மாசத்துக்கான தேதி அடுத்த மாசம் வருகிறது.